சீதன வீட்டுக்கு வந்த வாடகைக்காரர்

காசு கொடுத்து, முன்பின் தெரியாத ஒருவருடைய வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுப் போவதற்கு ஆட்கள் வருவார்கள் என்று என் கணவர் சொன்னபோது நான் நம்பவில்லை.

"ஆர் வருவினம்? அவைக்கு வீடு இல்லையோ?"

"இருக்கு. கொழும்பிலை."

"அப்ப என்னத்துக்கு வருகினம்?"

"லீவுக்கு."

"லீவெண்டால் அவையின்ரை வீட்டிலை இருக்கலாம்தானே?"

"உனக்கு விளங்காது" என்றார். அவருக்கும் விளங்கவில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்களுக்கு வட்டக்கச்சியில் குடியேற்றக் காணி கிடைத்து, மண்வீடு ஒன்றில் இருந்தோம். பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையில் எனக்கு ஒரு சீதன வீடு இருந்தது. அப்பா அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். இரண்டு அறை, ஒரு விறாந்தை, பின்னால் ஓலைக் குசினி, ஒரு கிணறு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீடு இரண்டு வருடம் பூட்டிக் கிடந்தது. என் கணவருக்கு அதை விற்றுப் பழைய உழவு மெசின் ஒன்று வாங்க வேண்டும். முல்லைத்தீவில் ஒரு கருவாட்டு வியாபாரி கிட்டங்கியாகப் பாவிக்க அந்த வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். என் அம்மா படுத்த அறையில் கருவாட்டு மூட்டை அடுக்குவார்கள். நான் மாட்டேன் என்றேன்.

எங்கள் ஆட்களின் சட்டப்படி, நான் கையெழுத்து வைக்காமல் அவர் அந்த வீட்டை விற்க முடியாது. அவர் சம்மதிக்காமல் நானும் விற்க முடியாது. அதனால் இரண்டு வருடம் சண்டை பிடித்தோம். கடைசியில் அவர் ஒரு முடிவு சொன்னார். கொழும்பில் வேலை செய்யும் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர், தன்னுடைய கந்தோரில் வேலை செய்யும் ஒருவருடைய குடும்பம் ஓகஸ்ட் லீவுக்குக் கடற்கரையில் வீடு தேடுகிறது என்று எழுதியிருந்தார். அவர்கள் வந்து, வாடகைக் காசு என் கையில் விழுந்தால் வீட்டை விற்கிற கதை இல்லை. விழாவிட்டால் நான் மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைக்க வேண்டும். நானும் சரி என்று வாக்குக் கொடுத்தேன். கோபத்தில் கொடுத்த வாக்கு.

பிறகு அந்தக் குடும்பத்திலிருந்து கடிதம் வந்தது. எழுதியவர் மனைவி. நல்ல எழுத்து. "எங்களுக்கு விசேஷமாக ஒன்றும் வேண்டாம். வீடு சுத்தமாக இருந்தால் போதும். தொந்தரவில்லாமல் அமைதியாக இருக்க வேண்டும். சமையலை நாங்களே பார்த்துக்கொள்வோம். வாடகையை வந்தவுடன் தருகிறோம்."

ஒன்றும் வேண்டாம் என்கிறவருக்கு எதைச் செய்து வைப்பது? கட்டில் வேண்டும், அலுமாரி வேண்டும் என்று எழுதியிருந்தால் அதைச் செய்திருப்பேன். அந்தக் கடிதத்தை நான் பத்துத் தரமாவது வாசித்திருப்பேன். ஒவ்வொரு தரமும் வேறொரு பொருள் தெரிந்தது.

இரண்டு ஆடும் ஒரு கிடாக்குட்டியும் விற்ற காசுதான் என்னிடம் இருந்தது. அதைக் கொண்டு யூலை மாதம் முழுக்க அந்த வீட்டோடு மாரடித்தேன். அவர் சிறுபோக வயலோடு வட்டக்கச்சியில் நின்றார். கக்கூசுக் கிடங்கு வெட்ட மட்டும் இரண்டு நாள் வந்தார். கொழும்பு ஆட்கள் பற்றைக்குள் போக மாட்டார்கள் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. அந்த வருடம் நாங்கள் ஒத்துப்போன விடயம் அது ஒன்றுதான்.

நிலத்தில் தொடங்கினேன். சாணி மெழுகிய நிலத்தைக் கொழும்பு ஆட்கள் விரும்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். விறாந்தைக்கும் ஒரு அறைக்கும் மட்டும் சீமெந்து வாங்கக் காசு காணும். ஆற்றுமணல் ஏற்றுவிக்கக் காசு காணாது. வாசலில் கடல்மணல் சும்மா கிடக்கிறது. அதையே அள்ளிக் குழைக்கச் சொன்னேன். மேசன் தலையைச் சொறிந்துவிட்டுக் குழைத்தார். பத்தாம் நாள் நிலம் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்தது. கூட்டினால் போகும், விடிந்தால் திரும்ப வரும். கால் வைத்தால் பிசுபிசுக்கும்.

பக்கத்து வளவில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்வார். சுண்ணாம்பு அடிக்கும்போது கொஞ்சம் நீலம் கலந்தால் சுவர் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் என்று சொன்னவர் அவர்தான். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாங்கிய பொட்டலத்தை மிச்சம் வைப்பானேன் என்று முழுவதையும் கொட்டினேன். காய்ந்த பிறகு பார்த்தால் அறை முழுக்க நீலம்.

"என்ன புள்ள, கடல உள்ளுக்குக் கொண்டு வந்திட்டியா?" என்று ராத்தா விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீங்கள்தானே ராத்தா சொன்னனீங்கள்!"

"நான் வேட்டிக்குப் போடுற அளவு சொன்னன். நீ வீட்டையே துவைச்சிருக்கிறாய்."

திரும்ப அடிக்கச் சுண்ணாம்பு இல்லை. அப்படியே விட்டேன்.

பிறகு வேலி. அமைதியாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்களே, அதற்கு என்ன பொருள்? யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதுதான் என்று முடிவு செய்தேன். நாங்கள் யாழ்ப்பாணத்து வழி வந்தவர்கள். எங்களுக்கு வீடு என்றால் முதலில் வேலி. நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே தென்னோலைக் கிடுகு கட்டி அடைத்தேன். ஆட்டுக் காசில் பாதி அதிலேயே போனது. அடைத்து முடித்து விறாந்தையில் நின்று பார்த்தேன். நல்ல அடக்கமாக இருந்தது. ராத்தா வாசலால் உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தார்.

"கடல் பார்க்க வாறாக்களுக்குக் கடலை மறைச்சு வச்சிருக்கிறியே புள்ள?"

கடலைப் பார்க்க யாராவது காசு கொடுப்பார்களா? கடல் தன்பாட்டில் கிடக்கிறது. ஆனாலும் அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கிழக்குப் பக்கத்துக் கிடுகைக் கழற்றினேன். அடுத்த நாள் மீன்காரர் எல்லாம் விறாந்தையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். திரும்பக் கட்டினேன். கட்டிவிட்டுப் பாதி உயரத்துக்கு வெட்டினேன். நின்றால் கடல் தெரியும், இருந்தால் தெரியாது. இப்போது நினைத்தாலும் அது என்ன வேலி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மிச்சமெல்லாம் காசில்லாமல் செய்தவை. அலை கொண்டு வந்து போட்ட பலகையில் ஒரு தட்டு அடித்தேன். அம்மாவின் பழைய சேலைகளைக் கிழித்து யன்னலுக்குத் திரை தைத்தேன். சாக்குக்குள் வைக்கோல் அடைத்து மெத்தை செய்தேன். ராத்தா ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் இரண்டு கதிரையும் தந்தார். கிணற்றை இறைத்துச் சேறு எடுத்தோம். பின் வளவில் விறகு போடும் கொட்டிலைத் துப்புரவாக்கி, அந்தப் பத்து நாளும் நான் அதற்குள் தங்குவதென்று ஏற்பாடு.

அவர்கள் மாங்குளத்தில் ரயிலால் இறங்கி, பஸ் பிடித்து, ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். புருசன், பெண்சாதி, இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள். அவர் கந்தோர் ஆள், கதை கூடியவர். அந்தப் பெண் ஒரு ரீச்சர், என்னைவிட நாலைந்து வயது இளையவள். உள்ளே வந்தவள் நீலச் சுவரைப் பார்த்தாள், பாதி வேலியைப் பார்த்தாள், வைக்கோல் மெத்தையில் இருந்து பார்த்தாள்.

"நல்லா இருக்கு அக்கா" என்றாள்.

எது நல்லா இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் பொய் சொன்னதாகத் தெரியவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உப்பு நிலத்தில் வெறுங்காலோடு நடந்தாள்.

நான் சமைத்து வைத்திருந்தேன். சோறு, பாரை மீன் குழம்பு, முருங்கையிலை வறை, தயிர். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"நாங்களே சமைப்பம் எண்டு எழுதினனானக்கா."

"வந்த அண்டைக்கே அடுப்பு மூட்டுறதோ? இருங்கோ, சாப்பிடுங்கோ."

அந்த வேளையோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. எங்கள் ஆட்களுக்கு முன்னால் புதிதாக ஒருவர் வந்து இருந்தால், எந்த ஊர், எந்தக் குறிச்சி, யாருடைய மகள் என்று கேட்காமல் வயிறு செமிக்காது. உண்மையைச் சொல்வதானால் பாதிக் கேள்வி சாதியை அறியத்தான். என் கோப்பையில் சாப்பிடுகிறவர் யார் என்று தெரிய வேண்டுமாம். கேவலமான பழக்கம். நானும் அதைத்தான் செய்தேன்.

"உங்களுக்கு ஊர் எது தங்கச்சி?"

"கொழும்புதான் அக்கா."

"கொழும்பு சரி. சொந்த ஊர்?"

"யாழ்ப்பாணப் பக்கம்."

"யாழ்ப்பாணத்திலை எவ்விடம்?"

அவள் பிள்ளைக்கு மீனில் முள் எடுக்கத் தொடங்கினாள். மறுமொழி சொல்லப் பிரியமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு அது இன்னும் சந்தேகத்தைத் தந்தது. மறைக்கிறாளே, ஏன் மறைக்கிறாள்? திரும்பக் கேட்டேன். இந்த முறை புருசன்தான் மறுமொழி சொன்னார்.

"இவ தெல்லிப்பழை. நான் கரவெட்டி."

"கரவெட்டியோ! என்ரை அம்மாவின்ரை தாய் கரவெட்டிதான். அங்கை எவடம்?"

அவ்வளவுதான். அவர் சோற்றுக் கையோடு நிமிர்ந்து இருந்தார். கோயில் எது, ஒழுங்கை எது, யாருக்கு யார் என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டோம். கை காய்ந்துவிட்டது. என் அம்மாவின் தாயும் அவருடைய அம்மாவின் தகப்பனும் கூடப்பிறந்தவர்கள் என்று கண்டுபிடித்தோம். எனக்குப் பெரிய சந்தோசம். அதை மறைக்க மாட்டேன்.

"அப்ப நீங்கள் எனக்கு மச்சாள்!" என்று அவர் சத்தம் போட்டார். "இஞ்சேரும், கேட்டீரே? சொந்த மச்சாளின்ரை வீட்டுக்கெல்லோ வந்திருக்கிறம்!"

அந்தப் பெண் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். பெருமைக்காரி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வந்தவுடன் தருவதாக எழுதிய வாடகையை அன்று தரவில்லை. அடுத்த நாளும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. மச்சானிடம் வாடகை கேட்பது எப்படி? முதல் நாளே கேட்டிருந்தால் வாடகைக்காரரிடம் கேட்டதாக இருந்திருக்கும். உறவைத் தோண்டி எடுத்தவள் நான். தோண்டின கையாலேயே எப்படி நீட்டுவது?

மூன்றாம் நாள் அவர் முல்லைத்தீவுத் தபால் கந்தோருக்குப் போய்த் தந்தி அடித்துவிட்டு வந்தார்.

"அம்மாவை வரச் சொல்லிப்போட்டன் மச்சாள். அண்ணையின்ரை குடும்பமும் வரும். அம்மாவுக்குச் சொன்னால் நம்பமாட்டா. எங்கட வீடு கடற்கரையிலை இருக்கிறது இவ்வளவு நாளும் தெரியாமல் போச்சுதே."

எங்கட வீடு. விற்காமல் காப்பாற்றத்தான் வாடகைக்கு விட்டேன். இப்போது அது அவர்களுடைய வீடாகவும் ஆகிவிட்டது.

ஐந்தாம் நாள் அவருடைய தாய், தமையன், தமையன் பெண்சாதி, மூன்று பிள்ளைகள் எல்லாரும் வந்து இறங்கினார்கள். வைக்கோல் மெத்தையை விறாந்தையில் இழுத்துப் போட்டார்கள். திரையைக் கழற்றிப் பிள்ளைகளுக்குப் போர்த்தார்கள். பாதி வேலியில் மிச்சம் இருந்ததன் மேல் ஈரத் துணி காயப் போட்டு அதையும் சாய்த்தார்கள். நானும் அந்தப் பெண்ணும் குசினிக்குள் நின்றோம். நான் மீன் வெட்ட அவள் தேங்காய் துருவினாள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மூன்று வேளை. வீடு என்னுடையது, நான் நிற்கத்தான் வேண்டும். அவள் ஏன் நிற்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை. மருமகள் என்றால் குசினியில் நிற்பவள்தானே. ஒரு தரம் மட்டும் கேட்டேன்.

"கடலுக்குப் போகேல்லையோ தங்கச்சி?"

"மாமி குளிக்கப் போறா. தண்ணி அள்ளிக் குடுக்கோணும்."

கொண்டுவந்த புத்தகம் ஒன்று அவளுடைய பெட்டிக்கு மேலே கிடந்தது. அதைத் திறந்ததை நான் காணவில்லை.

எட்டாம் நாள் கருவாட்டு வியாபாரி வந்து வாசல் படலையடியில் நின்று, காலடியால் வளவை அளந்துவிட்டுப் போனார். யார் சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்பதாம் நாள் என் கணவர் வட்டக்கச்சியிலிருந்து வந்தார். வந்தவரை மச்சான் "அண்ணை, அண்ணை" என்று கட்டிப்பிடித்தார். என் கணவருக்கு வாய் காதுவரை போனது. எல்லாரும் படுக்க இடம் பார்க்கிற நேரம் கிணற்றடியில் என்னிடம் கேட்டார்.

"காசு வந்திட்டுதோ?"

"இல்லை."

"சொந்தக்காரரிட்டை எப்பிடிக் கேக்கிறது, என்ன?" என்று மெல்லச் சிரித்தார். அவருக்கு உழவு மெசின் கண்ணில் தெரிந்தது.

கடைசி நாள் மத்தியானம் எல்லாரும் விறாந்தையில் வரிசையாக இருந்து சாப்பிட்டார்கள். மச்சான் ஒரு சேலைப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மச்சாளுக்கு எங்கட அன்பளிப்பு. அடுத்த வருசமும் வருவம். இன்னும் ரண்டு அறை போட்டால் நல்லம்."

நான் கறிச்சட்டியைக் கீழே வைத்தேன்.

"சேலை இருக்கட்டும் மச்சான். வாடகை எங்கை?"

அவர் சிரித்தார்.

"மச்சாள் பகிடி விடுறா."

"பகிடி இல்லை. பத்து நாள் வாடகை பேசித்தான் வந்தனீங்கள்."

அவருடைய தாய் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "சோத்தைப் போட்ட கையாலை காசும் கேக்கிறாளே! உப்பிடி ஒரு உறவை நான் கண்டதில்லை."

"சோத்துக்குக் கேக்கேல்லை மாமி. வீட்டுக்குக் கேக்கிறன்."

"இஞ்சேர், வாயை மூடு" என்றார் என் கணவர்.

"மூடினால் நான் கையெழுத்து வைக்கோணும். அதைச் சொல்லித்தானே என்னை இஞ்சை விட்டனீங்கள்? இவைக்கும் சொல்லுங்கோவன். காசு வராட்டில் வீடு கருவாட்டுக் கிட்டங்கி."

மச்சான் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் கோப்பையைப் பார்த்தார். அப்போது அந்தப் பெண் குசினிக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அறைக்குள் போய், தன் கைப்பையிலிருந்து ஒரு கடித உறையைக் கொண்டுவந்து என்னிடம் தந்தாள். உறை மடிந்து பழசாகியிருந்தது.

"முதல் நாளே தரத்தான் வைச்சிருந்தனான் அக்கா. நான் படிப்பிச்சு உழைச்ச காசு. இவர்தான் சொந்தத்துக்குக் குடுக்கிறதோ எண்டு மறிச்சுப்போட்டார்."

"இஞ்சேரும்!" என்று அதட்டினார் மச்சான்.

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னோடுதான் கதைத்தாள். சத்தம் போடவில்லை.

"கொழும்பிலை எங்களுக்கு வராத சொந்தம் இல்லை. ஊருக்குப் போனாலும் சொந்தம். எங்கை போனாலும் நான் குசினிக்குள்ளைதான். ஒருதரையும் தெரியாத வீட்டிலை, ஒருதருக்கும் ஒண்டும் செய்யாமல் பத்து நாள் இருக்கோணும் எண்டு ரண்டு வருசமாய்ச் சேர்த்த காசு இது. நீங்கள் ஊரைக் கேளாமல் விட்டிருந்தால் நான் உங்களை நல்லா நினைச்சிருப்பன்."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. என் மேலும் வந்தது. உறையைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கொடுத்தால் வீடு போகும். கொடுக்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டேன். அவளுக்குக் கிடைக்காத லீவுக்கு அவளிடமே காசு வாங்கினேன். அது நியாயமா அநியாயமா என்று அன்றைக்கும் தெரியவில்லை. இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் தெரியவில்லை.

விடிய முதல் பஸ்ஸில் எல்லாரும் போனார்கள். சேலையை மாமி திரும்ப எடுத்துக்கொண்டு போனார். கரவெட்டியில் அதற்குப் பிறகு ஒரு கலியாணத்துக்கும் எங்களுக்குச் சொல்லவில்லை. படலையடியில் நான் அந்தப் பெண்ணிடம், "அடுத்த வருசம் தனியப் பிள்ளையளோடை வாங்கோ தங்கச்சி, நான் ஒண்டும் கேக்கமாட்டன்" என்றேன். தலையை ஆட்டினாள். ஓம் என்றா, இல்லை என்றா என்று விளங்கவில்லை. அவள் வரவில்லை.

என் கணவர் வாக்குத் தவறவில்லை, அதைச் சொல்ல வேண்டும். முகத்தை நீட்டிக்கொண்டு போய் வியாபாரியிடம் வீடு விற்பனைக்கில்லை என்று சொல்லிவிட்டு, அப்படியே வட்டக்கச்சிக்குப் பஸ் ஏறினார். நான் வீடு கழுவ ஒரு நாள் பிந்தி நின்றேன்.

கழுவவில்லை. அந்தப் பெண் தேடி வந்தது என்ன என்று ஒரு தரம் பார்க்க வேண்டும் போலிருந்தது. காலையிலிருந்து விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தேநீர் வைக்கவில்லை, கூட்டவில்லை. கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சாய்ந்து கிடந்த கிடுகு கண்ணை உறுத்தியது. எழும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வெயில் விறாந்தைக்குள் ஏறி வந்தது.

ராத்தா சாய்ந்த வேலியடியில் வந்து நின்று என்னை வெகுநேரம் பார்த்தார்.

"என்ன புள்ள, ஆராவது வரப்போறாங்களா?"

"இல்லை ராத்தா."

"அப்ப என்ன செய்றாய்?"

"சும்மா இருக்கிறன்."

"சும்மாவெண்டா?"

எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.